எல்லைக்கல்மேல் நுரையீரல்

"ஆட்டோட நுரையீரல் எனக்கு வேணும் மாமா. அறுக்காம, முழுசா. ரெண்டு குழாயும் சேந்து வரணும்."

எஸ்டேட் மண்டபத்தில் அதுவரை கலகலவென்று ஓடிக்கொண்டிருந்த பேச்சு அந்த இடத்தில் நின்றுபோயிற்று. முனியாண்டி பூசைக்கு விறகு யார், பந்தல் யார், ஆடு எங்கே பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்த கமிட்டி ஆம்பளைகள் அத்தனை பேரும், தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற தனுஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா கந்தன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே அம்மா ஜெயா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "குடுத்தோமா வந்தோமான்னு இருக்கணும். ஆட்டுப் பேச்சை மட்டும் எடுத்துறாதே. அது பொம்பளை கேக்குற விஷயமில்ல. எங்கம்மா கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல."

அம்மா கேட்காமல் விட்டது அது ஒன்றுதானா? தேயிலைச் சரிவில் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று அவள் கேட்டதே இல்லை. ஒதுங்க இடமில்லாத மலையில் தண்ணீர் குடிக்காமலே கொழுந்து பறித்தாள். சிறுநீரகத்துக்கு ரத்தத்தைக் கழுவத் தண்ணீர் வேண்டும். வேறொன்றும் கேட்காத உறுப்பு அது. அதுவும் கிடைக்காமல் கல் வளர்ந்து, வயிற்றைக் கிழித்து எடுத்து, இப்போது வேலையை விட்டு வீட்டில் இருக்கிறாள். கேட்காமல் இருப்பதில் என்ன பெருமை வாழ்கிறது என்று தனுஜாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கமிட்டித் தலைவர் நாகரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கங்காணி வீட்டுப் பிள்ளை. இப்போது பேக்டரியில் சலிப்பறையை மேற்பார்க்கிற மண்டோர். காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற அந்த அறையில் அவர் சொன்னதுதான் சட்டம், கோயிலிலும் அப்படித்தான்.

"என்னம்மா, சமைக்கவா?"

"ஊதிப் பாக்க."

கொல்லென்று சிரிப்பு. "பலூன் வேணும்னா பிரிஞ்சாங் பாசார் மாலத்துல வாங்கிக்கோ லா!" என்று டவுனில் கூடும் இரவுச் சந்தையைச் சொல்லிப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பலூன்ல தேயிலைத் தூசி படியாது. நுரையீரல்ல படியும்" என்றாள் தனுஜா. "இங்க உக்காந்து சிரிச்சவங்கள்ல பாதிப் பேரு சிரிச்சு முடிச்சதும் இருமினாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நாகரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கந்தா, பிள்ளைய யுனிவர்சிட்டிக்கு அனுப்பி படிக்க வச்சியே, நம்ம வழக்கத்தையும் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கலாம். கறி ஆம்பளைக்கு, மூச்சு சாமிக்கு. சாமி பங்கைக் கேக்குறா உன் மக."

வழக்கம் அவளுக்குத் தெரியாமலா? மேல் லைன் வீடுகளுக்குப் பின்னால், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் முனியாண்டி நிற்கிறார். அவருக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஓர் எல்லைக்கல். பூசையன்று அதைத் தாண்டிப் பெண்கள் போகக்கூடாது. அந்தப் பக்கம் வெட்டியதில் ஒரு துண்டுகூட இந்தப் பக்கம் வரக்கூடாது. அங்கேயே சமைத்து, அங்கேயே தின்று முடிக்க வேண்டும். நுரையீரலை மட்டும் யாரும் தின்பதில்லை. அது மூச்சிருந்த பை, சாமிக்கு உரியது என்று குழாயோடு சிலைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்துவிடுவார்கள். அந்தக் குழி வெட்டுகிற உரிமை கந்தன் குடும்பத்துடையது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா. அப்பாவுக்குப் பிறகு ஆண் பிள்ளை இல்லை என்பதைக் கமிட்டி வருஷா வருஷம் ஞாபகப்படுத்தும்.

"கடையில வாங்கிக்கயேன்" என்றார் ஒருவர் சமாதானமாக.

"வாங்கிப் பாத்துட்டேன். பிரிஞ்சாங் கடைக்கு வர்றது ஐஸ் வச்ச கறி, துண்டு துண்டா. சீனர் கடையில பன்னியோடது முழுசாக் கிடைக்கும். கொண்டு வரட்டுமா மண்டபத்துக்கு?"

"ஐயோ, வேணாம்மா!" என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பதறினார்கள்.

"முடியாது" என்றார் நாகரத்தினம். "தேத்தண்ணி ஆறுது. வச்சுட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தாள். கப்புகள் கொஞ்சம் சத்தமாகவே உட்கார்ந்தன.

●

நுரையீரல் மேல் அவளுக்கு எப்போதுமே ஒரு பைத்தியம் உண்டு. உடம்பின் மற்ற உறுப்பெல்லாம் அவளுக்கு வேலைக்காரர்கள் மாதிரி. கல்லீரல் ராப்பகலாக ஒரு சமையற்கட்டையும் ஒரு கழிவுக் கூடத்தையும் சேர்த்து நடத்துகிறது. இதயம் இரண்டு பம்பு: ஒன்று அழுக்கு ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும், இன்னொன்று சுத்தமானதை உடம்புக்குத் தள்ளும். மண்ணீரல் கிழட்டுச் சிவப்பணுக்களைப் பொறுக்கி எடுத்து அதிலிருக்கிற இரும்பை மட்டும் பத்திரப்படுத்தும். லைனில் ரத்தம் குறைந்த பெண்களுக்குச் சுவரொட்டி என்று சொல்லி ஆட்டின் மண்ணீரலைச் சுட்டுக் கொடுப்பார்களே, அது ஒன்றும் அவ்வளவு முட்டாள்தனம் இல்லை என்று காலேஜில் படித்தபோது தனியாகச் சிரித்திருக்கிறாள்.

ஆனால் நுரையீரல்தான் வாசலைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற உறுப்பு. வெளியே என்ன இருக்கிறதோ அது நேரே உள்ளே வரும். காற்று வந்தால் காற்று, தூசி வந்தால் தூசி. ஒரு மனுஷனின் நுரையீரலுக்குள் இருக்கிற காற்றறைகளை எல்லாம் பிரித்து விரித்தால் கிட்டத்தட்ட ஒரு பாட்மிண்டன் கோர்ட்டு அகலம் வரும். அந்தக் கோர்ட்டு முழுக்க அப்பா தேயிலைத் தூசியைக் கொட்டி வைத்திருக்கிறார். அதை அவர் நம்பமாட்டார். அதுதான் அவளுடைய சிக்கல்.

நம்பாததற்குக் காரணம் வெல்லம்.

சலிப்பறையில் பஞ்சுபோலத் தூசி பறக்கும். வேலை விட்டு வெளியே வரும்போது கதவருகில் நாகரத்தினம் பழைய பால்மாவு டப்பாவோடு நிற்பார். ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம். அதை வாயில் அடக்கி, மெல்ல முழுங்க வேண்டும். தொண்டையிலும் நெஞ்சிலும் ஒட்டியிருக்கிற தூசியை வெல்லம் வழித்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும், மறுநாள் காலையில் வெளியே வந்துவிடும். நாகரத்தினத்தின் அப்பா கங்காணியாக இருந்தபோதே தொடங்கிவைத்த வைத்தியம். இதை நம்பித்தான் சலிப்பறையில் யாரும் முகக்கவசம் போடுவதில்லை. கம்பெனி கொடுத்தது ஆணியில் தொங்கும். "வெல்லம் இருக்க மூஞ்சியைக் கட்டிக்கிட்டு எதுக்கு மூச்சு முட்டணும்?" என்பார் அப்பா. யாராவது தவறவிட்டால் அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கட்டி, காகிதத்தில் மடித்து.

இப்போது அவருக்கு லைன் படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது. எஸ்டேட் மருந்தகத்து டிரஸ்ஸர் இருமல் தண்ணி கொடுக்கிறார். "மலைக் குளிரு" என்கிறார் அப்பா. எக்ஸ்ரே எடுக்கலாம் என்று தனுஜா சொன்னால், "எதுக்கு? நெஞ்சு சுத்தமா இருக்கு. எக்ஸ்ரே, அது இதுன்னு போனா ஆளுக்கு சீக்குன்னு முத்திரை குத்தி வேலையை விட்டு நிப்பாட்டுவான். வேலை போனா வீடு போச்சு."

வீடு எஸ்டேட்டுடையது. அப்பா வேலையில் இருக்கும்வரை அவர்களுடையது.

அதையும் அவள் யோசிக்காமல் இல்லை. பிரிஞ்சாங்கில் ஒரு கிளினிக்கில் ரத்தம் சோதிக்கிற வேலை கிடைத்ததுமே, காய்கறி விதைக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு ரூம் பிடித்துவிட்டாள். சாவி அவள் பையில் கிடந்தது. கூட வர ஆள்தான் இல்லை. "நீ போம்மா. வேலைக்குக் கிட்ட. எனக்கு என்ன கேடு, நான் எதுக்கு வரணும்?" என்றுவிட்டார் அப்பா. அவர் வராமல் அம்மா அசையமாட்டாள்.

கமிட்டி கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சபையில மானத்த வாங்கிட்ட" என்றார் கடைசியில்.

"வருஷா வருஷம் கையில ஏந்திக்கிட்டுப் போயிப் புதைக்கிறீங்களேப்பா. ஒரு தடவையாவது உத்துப் பாத்திருக்கீங்களா?"

"அதைப் போயி என்னத்தப் பாக்குறது?"

"எவ்வளவு கனம் இருக்கும்?"

கை பிசைவது நின்றது. "கனமே இருக்காது" என்றார். சொல்லிவிட்டு அவரே அதை யோசித்தார். "ஈரல் கனக்கும். இது பெருசு, ஆனா கனக்காது. தண்ணிப் பானையில போட்டா மெதக்கும். ஏன் அப்படி?"

"எனக்குத் தெரியும். சொன்னா நம்பமாட்டீங்க. கொண்டாங்க, காட்டுறேன்."

"எல்லைக்கு இந்தப் பக்கம் வராது" என்று எழுந்து கை கழுவப் போனார். ஆனால் குழாயடியில் நின்று, "ரெண்டு குழாயா இருக்கும்?" என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. அம்மாவும் கேட்டாள். "அப்பனும் மகளும் என்ன எழவோ பண்ணுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

●

பூசையன்று வெயில் அடித்தது. அந்த மலையில் அதுவே அதிசயம். மத்தியானம் தாண்டி, தின்று முடித்த ஆம்பளைகள் அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு லைனுக்கு இறங்கிவிட்டார்கள். குழி வெட்டப் பின்தங்குவது அப்பா மட்டும்தான், எப்போதும்போல.

தனுஜா எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். கூட கிளாரிசா. சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண், ஃபோர்ம் த்ரீ மாணவி. சனிக்கிழமை சனிக்கிழமை தனுஜாவிடம் டியூஷனுக்கு வருகிறவள். அவள் அண்ணன் ரொனால்ட் சலிப்பறையில் புதிதாகச் சேர்ந்திருந்தான். நுரையீரல் என்று கேட்டால் "பாரு-பாரு, ஃபங்சி பெர்னாஃபாசான்" என்று மூச்சுவிடுவது அதன் வேலை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு மலாயில் ஒப்பிப்பாள். ஃபங்சி என்றால் என்ன வேலை செய்கிறது என்று அர்த்தம், அது எப்படி அந்த வேலையைச் செய்கிறது என்று கேட்டால் முழிப்பாள். முழித்துவிட்டு, "எப்படி டீச்சர்?" என்று விடாமல் கேட்பாள். அதனாலேயே தனுஜாவுக்கு அவளைப் பிடிக்கும்.

"டீச்சர், நாங்க சர்ச்சு. எங்களுக்கு இந்தக் கல்லெல்லாம் கிடையாது. நான் வேணா தாண்டிப் போயி எடுத்துட்டு வரவா?"

"சும்மா நில்லு."

அப்பா சிலைக்குப் பின்னாலிருந்து வந்தார். இரண்டு கையிலும் ஏந்திய வாழையிலை. கல்லருகே வந்தவர் தயங்கி, பின்னால் முனியாண்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தப் பக்கம் தரமாட்டேன். சாமி பங்கு. இந்தக் கல்லுமேல வைக்கிறேன். பாத்துட்டுப் புதைச்சிடலாம். ஒரு நாழி பொறுக்கமாட்டாரா என்ன?"

இலையை எல்லைக்கல்லின் தலையில் வைத்தார். அவர் அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். தனுஜாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது. அதற்கு அவள் வெயிலைத் திட்டிக்கொண்டாள்.

அவள் பாடம் நடத்தவில்லை. தொடவும் இல்லை. "நீங்களே பாருங்கப்பா" என்றாள். "ரெண்டு குழாயையும் தொட்டுப் பாருங்க."

அப்பா விரலை வைத்தார். "இது ரப்பர் ஓஸ் பைப்பு மாதிரி இருக்கு. வளையம் வளையமா. அமுக்கினா திரும்ப நிக்குது." அடுத்ததைத் தொட்டார். "இது துணி மாதிரித் தொவண்டு கெடக்கு."

"ஏன் டீச்சர் ஒண்ணு கெட்டியா, ஒண்ணு தொவண்டு?" என்றாள் கிளாரிசா, முகத்தைக் கல்லுக்கு அருகில் கொண்டுவந்து.

"சாப்பாடு எப்பவாவதுதான் போகும். போகும்போது திறந்தா போதும். மூச்சு எப்ப போகும்?"

"எப்பவும்."

"அப்ப அந்தக் குழாய் மூடவே கூடாது. அதுக்குத்தான் வளையம்."

அப்பா தன் தொண்டையைத் தடவிப் பார்த்தார். வளையம் விரலுக்குத் தட்டுப்பட்டது போலும்; அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். இதயம் நுரையீரல்களுக்கு நடுவில் ஒரு கை முட்டிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஏன் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது என்று அவரே கேட்டார். உடம்பு முழுக்கத் தள்ளுகிற பக்கம் தடித்தது, பக்கத்திலிருக்கிற நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிற பக்கம் மெலிந்தது என்றாள். "லோரிக்கும் மோட்டர் சைக்கிளுக்கும் எஞ்சின் வேற மாதிரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தனுஜா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயையும் நூலையும் எடுத்து நீட்டினாள். "வளையம் இருக்கிறதுல சொருகி, இறுக்கிக் கட்டுங்க. கட்டிட்டு ஊதுங்க. உறிஞ்சிறாதீங்க."

கட்டினார். மூச்சை இழுத்து, கன்னம் உப்ப ஊதினார். சுருங்கிக் கிடந்த சதையின் ஓர் ஓரம் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். மறுபடி ஊதினார். நெற்றி நரம்பு புடைத்தது, இருமல் பிடித்துக்கொண்டது. கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். அந்த இருமல் முடிய நேரம் ஆயிற்று.

"ஓட்டையா இருக்கும்" என்றார், கண்ணைத் துடைத்தபடி. "வெட்டும்போது கத்தி பட்டிருக்கும்."

"இருக்கலாம்" என்றாள் தனுஜா. குழாயின் நுனியைத் துடைத்தாள். "கிளாரிசா, நீ ஊது."

பெண் ஊதினாள்.

அது எழுந்தது. வாடிய துணிபோலக் கிடந்தது ஓரத்திலிருந்து விரிந்து, மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, வெளிறிய ரோஜா நிறத்தில், இலை கொள்ளாமல், கல் கொள்ளாமல் உப்பிப் பெருகியது. நடுவிலிருந்த இதயத்தை இரண்டு பக்கமும் அணைத்து மறைத்தது. கிளாரிசா வாயை எடுத்ததும் ஸ்ஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டுச் சுருங்கியது.

"ஐயோ டீச்சர், உயிரோட இருக்கு!"

"உயிர் இல்லடி. இதுதான் அதோட வேலை. தானா விரியத் தெரியாது, சுருங்க மட்டும் தெரியும். கீழ ஒரு சதைத் தடுப்பு இழுத்துக் குடுத்தா விரியும்."

"இன்னொரு தடவ ஊதட்டா?"

ஊதினாள். மறுபடியும் அதே விரிவு. அப்பா உப்பிய பையின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "நுரை" என்றார் மெதுவாக. "உள்ளுக்குள்ள நுரை நுரையா இருக்கு. அதான் மெதக்குது." அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் சந்தோஷம் வந்து போனது. ஓட்டை இல்லை என்பது அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டார்.

கிளாரிசா குழாய்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், எங்கண்ணன் தினம் வெல்லம் முழுங்குறானே. அது இந்தத் தொவண்ட குழாயிலதான போகும்?"

"ஆமா."

"அப்ப தூசி இங்க உள்ள இருக்கு, வெல்லம் அங்க போகுது. எப்படி வழிச்சுக்கிட்டு வரும்?"

தனுஜா அப்பா பக்கம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை தடவை அப்பாவிடம் கத்தியிருக்கிறாள் இதை. கத்தினால் காது மூடிக்கொள்ளும் என்பது அவளுக்கு லேட்டாகத்தான் புரிந்தது.

அப்பா சட்டைப்பையில் கையை விட்டார். காகிதத்தைப் பிரித்தார். வெல்லக் கட்டியைத் துவண்ட குழாயின் வாயில் வைத்து விரலால் உள்ளே தள்ளினார். தள்ளத் தள்ள அது ஒரு சின்னப் புடைப்பாக நுரையீரலின் முதுகுப் பக்கமாகவே இறங்கி, இரைப்பையிலிருந்து அறுத்த இடத்தில் வெளியே வந்து இலைமேல் விழுந்தது. அவர் அதை எடுத்து மறுபடியும் விட்டார். இந்தத் தடவை குழாயைத் திருப்பித் திருப்பி, பக்கத்தில் எங்காவது ஒரு வாசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவித் தடவித் தேடினார். மேலே தொடங்கி அடிவரை தேடினார்.

"ஒரு வழியும் இல்ல" என்றார்.

"மேல தொண்டையில ரெண்டும் சேருதுப்பா. ஆனா அங்க ஒரு மூடி இருக்கு, அது தலையோட போயிருச்சு. முழுங்கும்போது மூச்சுக் குழாயை அது சாத்திக்கும். வெல்லத்தை உள்ள விடாம இருக்கத்தான் அது இருக்கு. விட்டா செத்துருவோம்."

"பெரிய தூசி?"

"மூச்சுக் குழாய்ல பொடி ரோமம் இருக்கு. அதுவா மேல தள்ளிடும், சளியா வரும். பொடித் தூசி அடி வரைக்கும் போயிரும்."

அவர் வெல்லக் கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பசைபோல விரலில் ஒட்டியிருந்தது.

"அப்ப உள்ளேயேதான் இருக்கு" என்றார். "இத்தன வருஷத்ததும்."

"கந்தா!"

மறந்துபோன அகப்பையை எடுக்கத் திரும்பி வந்த நாகரத்தினம் மேட்டில் நின்றுகொண்டிருந்தார். கல்லையும், கல்மேல் இருந்ததையும், அதிலிருந்து தொங்கிய பிளாஸ்டிக் குழாயையும் பார்த்தார். அப்பா பதறவில்லை என்பதைத் தனுஜா கவனித்தாள். நூலை அவிழ்த்து, இலையை மடித்து, அதே இரண்டு கையால் ஏந்திக்கொண்டு குழிப் பக்கம் போனார். வெல்லத்தையும் உள்ளே வைத்தே புதைத்தார்.

●

மறுநாள் வேலை விட்ட சாயங்காலம் மண்டபத்தில் கூட்டம். வாசலில் நிறுத்தாமல், இந்தத் தடவை தனுஜாவை உள்ளே கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். அப்பா ஓரத்து நாற்காலியில்.

"சாமி பங்கை வேடிக்கைப் பொருளாக்கிட்டா" என்று ஆரம்பித்தார் நாகரத்தினம். "அதைக்கூட விட்டுரலாம். சின்னப் பிள்ளை. இன்னைக்கு வேலை விடுறப்ப நடந்தது என்ன தெரியுமா? டப்பா நெறஞ்சபடியே இருக்கு. எவனும் கை வைக்கல. நேத்து சேந்த பய ரொனால்ட், 'அது அந்தக் குழாய்ல போகாது மண்டோர்'னு என்கிட்ட சொல்றான். ஆணியில தொங்குனதை எடுத்து மூஞ்சியில மாட்டிக்கிட்டு நிக்கிறானுங்க எல்லாரும். எங்கப்பா குடுத்த வெல்லம்மா அது! உங்க தாத்தன் தின்ன வெல்லம்!"

குரல் உடைந்தது. அவர் நடிக்கவில்லை என்பது தனுஜாவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் கோபம். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

"இப்ப என்ன செய்யணும் மாமா?"

"கல்லுக்கு முன்னால விழுந்து கும்பிடு. 'நான் சொன்னது தப்பு'ன்னு இந்த மண்டபத்துல சொல்லு. டியூஷன், அது இதெல்லாம் இங்க வேணாம். இல்லேன்னா எஸ்டேட் துரைகிட்ட நான் பேச வேண்டியிருக்கும். கந்தனுக்குப் படி ஏற முடியல, சீக்காளி ஆளுன்னு அவருக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா வீடு என்னாகும்னு உனக்கே தெரியும்."

"அப்ப சீக்கு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் தனுஜா. "தெரிஞ்சும் வெல்லம் குடுத்தீங்க."

நாகரத்தினம் பதில் சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டார்.

"கும்பிடணும்னா கும்பிடுறேன். சாமியோட எனக்குச் சண்டை இல்ல. பாக்கட்டும்னு கல்லுமேல எடம் குடுத்தவரு அவரு. ஆனா சொன்னது தப்புன்னு சொல்லமாட்டேன். வெல்லம் வயித்துக்குத்தான் போகும். இன்னைக்குப் போகும், நாளைக்கும் போகும், நீங்க என்னைய வெளிய தள்ளினாலும் அங்கதான் போகும்."

"வாயடக்கு தனுஜா!" என்றார் யாரோ.

"அடக்கிட்டேன் மாமா, முடிச்சுட்டேன். வீடு எஸ்டேட்டோடது, எடுத்துக்கச் சொல்லுங்க. பிரிஞ்சாங்குல ரூம் எடுத்தாச்சு. சாவி ரொம்ப நாளா என்கிட்டதான் இருக்கு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு எக்ஸ்ரே எடுக்கப் போறதுக்கு வாடகைக் காடி சொல்லியிருக்கேன். காடியில எடம் இருக்கு. நீங்களும் வாங்க. உங்க இருமலையும் ஒரு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நாகரத்தினம் கைக்குட்டையை இறக்கவில்லை. தனுஜா அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். அது காலியாக இருந்தது. வாங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் அந்த ஆட்டின் குழாய் சொல்லிவிட்டது.

திரும்பி வாசலைத் தாண்டினாள். வெளியே மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. லைனுக்குப் போகிற ஏற்றத்தில் கால் வைத்தபோது, பின்னால் மண்டபத்தில் ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம். அப்புறம் ஓர் இருமல். அது யாருடையது என்று அவள் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏற்றத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கும். நடையை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள். நிற்கவில்லை.